இரண்டு அணியம்

யெல் தீவில் வெயில் என்பது
இரண்டு மழைக்கு நடுவே
ஒரு கோழி தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போவது.
அப்படியொரு வெயிலில் ஓஸ்லாவின் கோழிக்கூட்டுக்குள் குனிந்தேன்,
கையில் அளவுநாடா, டார்ச்,
மிச்சமிருக்கும் மரப்படகு ஒன்றுக்கு ஒரு தாள் என்று
அலுவலகம் கொடுத்தனுப்பிய கட்டு.

கூரைதான் படகு.
கல்சுவர்மேல் கவிழ்த்து, தார்மேல் தார் பூசி,
முகட்டில் ஏரா.
படகென்றால் பாதிப் படகு.
ஒரு முனை கூர்.
மறுமுனையில் ரம்பம் போன தடம்,
தகரம் அடித்து மூடியிருந்தது.

பெயர்: இல்லை.
கட்டியவர்: தெரியாது.
வகை:

நாலு தண்டு என்றால் ஃபோரரீன்.
ஆறு தண்டு, ஆறு ஆள், முப்பதடி நீளம்,
கரை மறையும் தூரம் போய் வந்தது என்றால் சிக்ஸரீன்.
ஆறு தண்டுதான், ஆனால் மூன்றே ஆள்,
ஆளுக்கு இரண்டு, ஒல்லி உடம்பு என்றால் யோல்.
இத்தனையும் முழுப் படகுக்கு.

மீன்செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பலகைகளை
எச்சத்தைச் சுரண்டிச் சுரண்டி எண்ணினேன்.
பக்கத்துக்கு ஆறு.
"சிக்ஸரீன்னு போடுங்க" என்றாள் ஓஸ்லா,
தபால்காரி, தோள்பையைக் கழற்றவில்லை.
"எங்க வீட்ல அப்படித்தான் பேச்சு.
இது அணியம். அக்கரையில இருக்கிறது வெறும் அமரம்."

இந்தத் தீவுப் படகுகளுக்கு
முன்னும் பின்னும் ஒரே கூர்.
வருகிறதா போகிறதா என்று
தூரத்தில் தெரியாது.
டார்ச்சை முனைக்குக் கொண்டுபோனேன்.
தாருக்கு அடியில் துருப்பிடித்த இரண்டு துளை,
ஒன்றுக்குக் கீழ் ஒன்று,
சுக்கான் மாட்டும் இரும்பு இருந்த இடம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் பார்த்துவிட்டாள்.

அக்கரைக்குப் போக
வோவைச் சுற்றிப் பதினோரு மைல்.
தண்டு போட்டால் கால்மணி நேரம்.
பேசில் மௌவட் தன் பாதியைச்
செங்குத்தாக நட்டு, கதவு வைத்து,
முன்பு கழிப்பறையாகவும்
இப்போது புல்வெட்டும் இயந்திரத்துக்கும் வைத்திருந்தார்.
"ஃபோரரீன்" என்றார். "இதுதான் அணியம்."
அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டது.
எந்தச் சண்டை என்று கேட்டேன்.
படகுச் சண்டைதான் என்றார், வேறென்ன.

"பக்கத்துல பக்கத்துல வச்சா ஒட்டிக்கும்."
வைத்துப் பார்த்ததுண்டா?
"யாரு தூக்கிட்டு வர்றது?"

வண்டிக்குள் உட்கார்ந்து கூட்டினேன்.
அவளுடையது ஒன்பதரை அடி, இவருடையது ஒன்பது.
அறுத்த இடத்து அகலம்
அங்கே ஐந்தடி இரண்டு அங்குலம்,
இங்கே நாலடி ஏழு.
ஒட்டாது.
நடுவில் ஒரு துண்டு இல்லை.

ஒரு ஜாண் போயிருந்தால் ஃபோரரீன்.
ஓர் இருக்கையே போயிருந்தால் யோல்.
நடு இருக்கையை இருவரும் கேட்டதால்
அறுத்த தச்சன் அதைக் கூலியாக எடுத்துப்போனான் என்று
பெட்ரோல் போடும் பெண் சொன்னாள்.
அவளே பிறகு, அது வேறொரு படகு என்றாள்.

கடலில் அந்தக் காலத்தார்
பூனையைப் பூனை என்று சொல்லமாட்டார்களாம்,
கத்தியை, பாதிரியாரை, கோயிலை,
எதையும் கரைப்பெயரால் கூப்பிடமாட்டார்கள்.
படகைத் திரும்பிப் பார்த்து
என்ன சொன்னார்களோ,
அந்தச் சொல்லுக்கு என் தாளில் கட்டம் இல்லை.

கைப்பேசி அடித்தது. ஓஸ்லா.
"அந்தத் துளை கோட்டு மாட்ட ஆணி அடிச்சது."
சரி என்றேன்.
"பேசில்கிட்ட எதுவும் சொல்லலையே?"
இல்லை.
"முட்டை எட்டு எடுத்து வச்சிருக்கேன்,
போகும்போது வாங்கிக்கங்க."

வகை என்ற கட்டத்தில்
இரண்டு முகவரியை எழுதினேன்.
இடம் போதாமல்
ஓரத்தில் ஏறி எழுதினேன்.
முட்டைக்காக மறுபடி பதினோரு மைல்.
மழை பிடித்துக்கொண்டது.